ஆண்டு விருந்து: வேன் கிளம்பும் நேரத்திலிருந்து திட்டமிடுங்கள்

குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸோ (முந்திரி ஆலை), நாகர்கோவிலில் உள்ள ஜவுளிக்கடையோ, உங்களிடம் வேலை செய்யும் 120 பேருக்கு விருந்து வைக்கிறீர்கள் என்றால் முதலில் முடிவு செய்ய வேண்டியது கடைசி ஆள் எத்தனை மணிக்கு வீடு சேர வேண்டும் என்பதுதான். குலசேகரம், கொல்லங்கோடு பக்கம் போகிறவர்கள் எட்டரைக்கே பஸ்ஸை நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். மணி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவருக்கு எந்தப் பாயசமும் இனிக்காது. எனவே மார்த்தாண்டம், குளச்சல், அஞ்சுகிராமம், ஆரல்வாய்மொழி என்று வழி பிரித்து வேன் பேசுங்கள். யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்ற பட்டியலை ஓட்டுநரிடம் எழுதிக் கொடுங்கள். வேன் 8.30க்குப் புறப்பட வேண்டுமானால் முதல் பந்தி 6.45க்கு உட்கார வேண்டும். பேச்சும் பரிசளிப்பும் 5.30 முதல் 6.30க்குள் முடிய வேண்டும்.

நாள் குறிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இங்கே இரண்டு மழைக்காலமும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் திறந்த வெளியை நம்பக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் இருப்பார்கள். தவக்காலம் வந்துவிட்டால் கத்தோலிக்கர்களில் பலர் இறைச்சி தொடமாட்டார்கள். மாசியில் மண்டைக்காடு கோவில் கொடைவிழா. மகரவிளக்கு முடிந்து தவக்காலம் தொடங்கும் வரை உள்ள சனிக்கிழமைகளே எல்லோருக்கும் தோதானவை. தை முகூர்த்தங்களுக்கு மண்டபங்கள் நிரம்பிவிடும் என்பதால் மூன்று மாதம் முன்பே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

பஃபே வேண்டாம், இலை போடுங்கள். ஆண்டு முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் தட்டேந்தி வரிசையில் நிற்பது விருந்தாகாது. 60 பேராக இரண்டு பந்தி, பந்திக்கு 40 நிமிடம், பரிமாற எட்டுப் பேர். முதல் பந்தியில் தொழிலாளர்கள் உட்காரட்டும்; முதலாளியும் மேலாளர்களும் வாளி தூக்கட்டும். பரிசுப் பொருள் மறந்துபோகும், இது மறக்காது. சைவத்துக்குத் தனி வரிசை, தனி வாளி, தனிக் கரண்டி. ஒரே கரண்டி மாறிப்போனாலும் அந்த வரிசையில் ஒருவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

120 பேருக்கு அரிசி 12 கிலோ, தோலுடன் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) 25 கிலோ, இலை 140 (கிழிசலுக்கும் சேர்த்து), மட்டிப்பழம் 130, அடைப்பிரதமன் பாயசம் 18 லிட்டர். மீன் சுத்தம் செய்தபின் 15 கிலோ வர வேண்டும். முழுதாக வாங்கினால் 22 கிலோ எடுங்கள். விருந்தைக் கோடைக்குத் தள்ளினால் மீன்பிடித் தடைக்காலம் குறுக்கிடும்: கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், நெய்மீன் (வஞ்சிரம்) விலை ஏறும். அப்போது கோழிக்கு மாறிவிடுவது நல்லது.

இரவு விருந்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் அவியல்தான். மதியமே வைத்து, சூட்டோடு மூடிவிட்டால் உள்ளே வேர்த்து, தேங்காய் ஆறு மணிக்குள் புளித்துவிடும். மாலை நாலு மணிக்கு முன் தேங்காய் துருவக் கூடாது என்று தவசுப்பிள்ளையிடம் (சமையல்காரர்) முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிரதமனுக்குத் தலைப்பாலை (முதலில் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பால்) அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். போளி கேட்டு வாங்குங்கள், இங்கே பாயசத்தைத் தனியாக விட்டால் குறையாகப் படும்.

மேடைக்கு 40 நிமிடம் போதும். 20, 25 ஆண்டு வேலை செய்தவர்களை முதலில் கூப்பிடுங்கள். பெயரையும் அவர் சேர்ந்த ஆண்டையும் முன்னதாகவே அவரிடமே காட்டிச் சரிபாருங்கள். நினைவுப் பரிசில் பெயர் பிழையாக இருந்தால் அதை அவர் வீட்டில் வைக்க மனம் வராது. குடும்பத்தையும் அழைப்பதானால் குழந்தைகளுக்கு அரை இலை என்று கணக்குப் போடாதீர்கள், முழு இலையே போடுங்கள். இறுதி எண்ணிக்கையை மூன்று நாள் முன்பு வாங்கி, அதற்கு மேல் ஆறு பேருக்குக் கூடுதலாகச் சமையுங்கள். வேன் ஓட்டுநர்கள் சாப்பிடுவது அந்தக் கணக்கில்தான். அவர்களை முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள்.