பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கப்பல் போதும்

"ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேறியதற்கான அரசியல், சமய, பொருளாதாரக் காரணங்கள்." கேள்வியே மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுவதால், தலைப்புக்கு நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு போவோம். நானும் அப்படித்தான் எழுதினேன், மறுநாளே மறந்தேன். இப்போது என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம், தாளின் நடுவில் ஒரு கப்பலை வரையச் சொல்கிறேன். 1620, இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களின் கப்பல் மேஃபிளவர், 102 பயணிகள்.

முதலில், ஏன் ஊரை விட்டார்கள் என்று கேளுங்கள். கப்பலிலிருந்து பின்னோக்கி ஒரு கோடு: அரசின் திருச்சபையை ஏற்காத, இங்கிலாந்தின் ஸ்க்ரூபி கிராமத்துச் சமயக் கூட்டம் 1608 வாக்கில் ஹாலந்துக்குத் தப்பியது; அவர்களில் சிலர்தான் பின்னர் இந்தக் கப்பலில் ஏறினார்கள். இன்னும் பின்னால், 1534இல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி திருச்சபைக்கும் தானே தலைவர் என்றார். 1559 சட்டப்படி, ஞாயிறன்று சர்ச்சுக்குப் போகாதவருக்கு 12 பென்ஸ் அபராதம். இது சமயமா அரசியலா? இரண்டுக்கும் ஒரே கோடு போடுங்கள்.

அடுத்து, காசு யாருடையது? பிள்ளைகள் விட்டுவிடுவது இதைத்தான். லண்டன் வணிகர்கள் பணம் போட்டார்கள். ஒரு பங்கு 10 பவுண்டு. 16 வயதைத் தாண்டிய ஒவ்வொரு குடியேறியும் ஒரு பங்காகக் கணக்கு. ஏழு வருடம் எல்லாம் பொது, அப்புறம் பிரித்துக்கொள்வது. முதல் குளிர்காலத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் செத்துப்போனார்கள். 1621இல் கப்பல் வெறுமனே திரும்பியதும், சரக்கு எங்கே என்று கோபமாகக் கடிதம் வந்தது! அடுத்த கப்பலில் நீர்நாய்த் தோலும் பலகையும் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். இப்படிப் பலர் பங்கு போட்டுக் கடல் கடக்கும் ஏற்பாடு புதிதல்ல. 1555 மஸ்கோவி கம்பெனி, 1600 கிழக்கிந்தியக் கம்பெனி (1639இல் நம் சென்னையில் இடம் வாங்கியதே, அதேதான்), 1606 வர்ஜீனியா கம்பெனி. இவற்றைக் கப்பலுக்குக் கீழே வரிசையாக எழுதுங்கள்.

மூன்றாவது, மற்றவர்கள் யார்? கப்பலில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தச் சமயக் கூட்டமே இல்லை. பிழைப்புத் தேடி வந்தவர்கள், வேலைக்காரர்கள். இங்கிலாந்தில் நிலக்கிழார்கள் ஆட்டுக்கம்பளிக்காகப் பொதுநிலத்தை வேலி போட்டு வளைத்ததும், ஏறிய குத்தகையும் இங்கே வரும். இதற்கு இரண்டு வரி போதும்.

சரி, படம் வந்துவிட்டதா என்று சோதிக்க, அமெரிக்காவில் வில்லியம் பென் என்பவர் நிறுவிய பென்சில்வேனியா குடியேற்றத்தை எடுங்கள். அரசர் இரண்டாம் சார்லஸ், வில்லியம் பென்னின் அப்பாவுக்கு 16,000 பவுண்டு பாக்கி. 1681இல் கடனுக்கு ஈடாக மகனுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தார். மகனோ, சமயத்துக்காகச் சிறைக்குப் போன குவேக்கர் (அரசின் திருச்சபையை ஏற்காத ஒரு கிறித்தவப் பிரிவினர்). இதை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?