காட்டுச்செடியைத் தாளில் ஏற்றுவது எப்படி? ஏற்காடு அடிவாரத்தில் தொடங்கலாம்

செடியைப் பறித்து, அழுத்திக் காயவைப்பது யாருக்கும் சீக்கிரம் கைவந்துவிடும். பறித்த இடத்திலேயே குறிப்பெழுதுவதைத்தான் பலரும் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள். குறிப்பில்லாத செடி மாதிரி, ஹெர்பேரியத்துக்கு (காய்ந்த செடிகளைத் தாளில் ஏற்றிப் பாதுகாக்கும் இடம்) வெறும் சருகுதான்.

முதலில் அனுமதி

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் பறிக்காதீர்கள். காபி எஸ்டேட் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். ஆர்க்கிட் பக்கம் கையே போகக்கூடாது. பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டிலேயே அதற்கென்று ஒரு தோட்டம் இருக்கிறது. பழகுவதற்கு வயல் வரப்பிலுள்ள துத்தி, தும்பை, நாயுருவி போதும்.

பறிப்பது

கையில் வேண்டியவை: கத்தரிக்கோல், களைக்கொத்து, பழைய செய்தித்தாள், நோட்டு, பென்சில். மலைமேல் பனி இறங்கினால் பேனா மை கலங்கிவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.

சிறு செடியை வேரோடு எடுத்து மண்ணை உதறுங்கள். புதர், மரம் என்றால் சுமார் 30 சென்டிமீட்டர் கிளை. பூவோ காயோ கட்டாயம் வேண்டும்; இரண்டும் இருந்தால் யோகம். துத்திப் பூ பிற்பகலுக்கு மேல்தான் விரியும், காலையில் போனால் மொட்டுதான் கிடைக்கும். அந்த இடத்தில் ஒரே ஒரு செடிதான் நிற்கிறதா? போட்டோ எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

குறிப்பு

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு தொடர் எண். அதே செடியை வேறிடத்தில் பறித்தாலும் புது எண்தான். எண்ணெழுதிய சீட்டைக் கிளையிலேயே கட்டிவிடுங்கள். நோட்டில் இப்படி:

எண் 7. தேதி, பறித்தவர் பெயர். சேலம் மாவட்டம், ஏற்காடு அடிவாரம், சாலையோர வரப்பு. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் (போனில் பார்த்து). இடுப்பளவுச் செடி. இலை மெத்தென்று, இதய வடிவம். பூ மஞ்சள், ஐந்து இதழ். காய் பல்சக்கரம் போல. ஊர்ப்பெயர் துத்தி. பக்கத்தில் நாயுருவி, உண்ணிச்செடி.

காய்ந்தபின் மறைந்துபோவதற்கு முன்னுரிமை கொடுங்கள்: பூவின் நிறம், வாசனை, கிள்ளினால் பால் வருகிறதா, மரமென்றால் உயரமும் பட்டையும். இலையின் வடிவத்தைத் தாளில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

அழுத்திக் காயவைப்பது

செய்தித்தாள் மடிப்புக்குள் செடியை விரித்து, ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியத் திருப்பிவையுங்கள். நீளமான செடியை N போல மடிக்கலாம். இடையிடையே அட்டை வைத்து, இரண்டு ப்ளைவுட் பலகைக்கு நடுவில் பெல்ட்டால் இறுக்குங்கள். மறுநாளே தாளை மாற்றவேண்டும். பிறகு ஈரம் வற்றும்வரை தினமும். ஏற்காட்டு மூட்டத்தில் விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். செய்தித்தாள் கட்டைச் சேலத்துக்கு இறக்கிவிடுவதே என் வழக்கம். இங்குள்ள வெக்கை இதற்காவது உதவட்டும். நேர் வெயில் மட்டும் வேண்டாம், நிறம் போய்விடும். தொட்டால் சில்லென்று இல்லாவிட்டால் காய்ந்துவிட்டது.

தாளில் ஏற்றுவது

சுமார் 42 × 28 சென்டிமீட்டர் கெட்டித்தாள். மெல்லிய தண்டுக்குப் பசைத்தாள் பட்டை, தடித்த தண்டுக்கு நூல் தையல். உதிர்ந்த விதைகளைச் சிறு கவரில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். வலது கீழ்மூலையில், நோட்டுக் குறிப்பைப் படியெடுத்த லேபிள். சில இடங்களில் பூச்சிக்கு மெர்குரிக் குளோரைடு பூசும் பழக்கம் உண்டு. அது கொடிய நஞ்சு, வீட்டில் அதற்கு வேலையில்லை. பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் போதும்.

அறிவியல் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் லேபிளில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். கோவை, திருச்சி ஹெர்பேரியங்களில் ஒப்பிட்டுப் பார்த்தபின், கண்டறிந்தவர் பெயரும் தேதியும் எழுதிய தனிச்சீட்டாக ஒட்டலாம். பழைய லேபிளைக் கிழிக்கவேண்டாம்.