பழைய வேனில் பெர்த்திலிருந்து சிட்னிக்கு: கட்டில் அடிக்குமுன் ரேடியேட்டரைப் பாருங்கள்

பெர்த்தில் பழைய கேம்பர்வேன் வாங்கி ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடந்து சிட்னி போகப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது கட்டில் எப்படி அடிப்பது, சோலார் பேனல் எத்தனை வாட் போடுவது, திரைச்சீலைக்கு என்ன துணி என்பதுதான். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் இருபது இருபத்தைந்து வயதான டொயோட்டா ஹைஏஸோ மிட்சுபிஷி எக்ஸ்பிரஸோ நடுவழியில் நின்றால் பெரும்பாலும் காரணம் சூடு. கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர் பயணம், அதில் நார்ஸ்மனிலிருந்து செடுனா வரையிலான சுமார் 1,200 கிலோமீட்டரில் ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் ரோடுஹவுஸ்கள்தான். அங்கே இழுவை வண்டி வரவழைக்கிற செலவில் இங்கே இன்னொரு பழைய வேன் வாங்கிவிடலாம் என்று சொல்வார்கள், ரொம்ப மிகை இல்லை. ஆகவே கையில் இருக்கும் காசில் முதல் பங்கு இன்ஜினைக் குளிர வைக்கும் சாமான்களுக்கு, இரண்டாவது பங்கு டயருக்கு, மிச்சம் இருந்தால் மெத்தைக்கு.

வாங்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ரெஜோவை, அதாவது வண்டிப் பதிவைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு போக வேண்டியதில்லை. ஊர் சுற்ற வருகிற பையன்கள் கைக்குக் கை மாற்றி விடும் வேன்கள் பெர்த் நம்பர் பிளேட்டோடு சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம், அதனால் "ரெஜோ இன்னும் எட்டு மாதம் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் அது வண்டியின் ஆரோக்கியத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம், அந்த வயதுக்கு அது சாதாரணம். துருவைத்தான் பார்க்க வேண்டும்: முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடியில், கூரை ஓரத்துத் தண்ணீர் வாய்க்காலில், பக்கவாட்டுக் கதவு உருளும் தண்டவாளத்தில். ஒரு சின்ன காந்தத்தைக் கொண்டுபோய் சந்தேகமான இடத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் பெயின்ட்டுக்கு அடியில் பட்டிதான் இருக்கிறது. பணம் கொடுக்குமுன் உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள், விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக்கிடம் வேண்டாம்.

சரி, ரேடியேட்டர். இந்த வேன்களில் முன்சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும். காலையில், ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் (சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது, கொதிக்கும் தண்ணீர் முகத்துக்கு வரும்) ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருந்தால் நல்லது. டிகாஷன் நிறத்தில் கலங்கியிருந்தால் யாரோ வருஷக்கணக்கில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே துரு அடைத்திருக்கும். அப்படியே ஆயில் மூடியையும் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளையாகக் குழைந்து ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை அந்த வண்டிக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். அப்புறம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். புது ஹோஸ் அழுத்தினால் அமுங்கித் திரும்பும், பழையது கிளாம்ப் பக்கத்தில் கல்லாக இறுகியிருக்கும் அல்லது கொழகொழவென்று இருக்கும். இரண்டுமே மாற்ற வேண்டியவை, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் எல்லா ஹோஸையும், தெர்மோஸ்டாட்டையும், ரேடியேட்டர் மூடியையும், ஃபேன் பெல்ட்டையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். மூடி மிகவும் மலிவான சாமான், ஆனால் அது அழுத்தத்தைப் பிடித்து வைக்காவிட்டால் கூலண்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விக்கும் திரவம்) சீக்கிரமே கொதித்துவிடும்.

டாஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள்ளை ரொம்ப நம்பாதீர்கள். ஹோஸ் வெடித்துக் கூலண்ட் எல்லாம் கொட்டிவிட்டால் சென்சாரைத் தொடத் தண்ணீரே இருக்காது, முள் பாட்டுக்கு நடுவில் நிற்கும் அல்லது கீழே இறங்கும், நாமும் எல்லாம் நலம் என்று ஓட்டிக்கொண்டே போவோம். கூலண்ட் குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்று தனியாகக் கிடைக்கிறது, கட்டிலுக்குப் பலகை வாங்குமுன் அதை வாங்குங்கள்.

எக்ஸ்பிரஸ் வேனின் 2.4 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கழற்றும்போது வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றினால் கூலி ஒரு தடவைதான். அந்தக் காலத்து பெட்ரோல் ஹைஏஸில் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தக் கவலை குறைவு. டயரைப் பொறுத்தவரை பட்டன் (ஓட ஓடத் தேயும் மேல் வரிகள்) எவ்வளவு மிச்சம் என்பதோடு வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் முழுசாக இருந்தும் பத்து வயதான டயர், பாரம் ஏற்றிய வேனுக்கு அடியில் வெயிலில் பிளந்துவிடும். வேனுக்கு உரிய எல்டி (லைட் டிரக்) டயர்தான் போட வேண்டும், கார் டயர் கூடாது. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும், ஒரு கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும் என்று கையேட்டில் இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் சுற்றாததால் அது துருப்பிடித்து இறுகியிருக்கும், ஆகவே வீட்டு வாசலிலேயே ஒருமுறை இறக்கி, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

எப்போது போவது? ஜூன் முதல் செப்டம்பர் வரை. கோடையில் இந்த வழி அடுப்புதான், 2019 டிசம்பரில் வழியில் வரும் நல்லார்பரில் 49.9 டிகிரி பதிவானது, அந்த வெயிலில் புது வண்டியே திணறும். குளிர்காலத்தில் மேற்குக் காற்று அடிக்கடி அடிக்கும், கிழக்கே போகிறவர்களுக்கு அது முதுகில் தள்ளும். ராத்திரி குளிர் கடுமை, நல்ல போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் லாபம், அந்த மாதங்களில் ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் மேலிருந்தே திமிங்கலங்களைக் குட்டிகளோடு பார்க்கலாம்.

பெர்த்தை விட்டு வெளியேறும்போதே வண்டிக்கு ஒரு பரீட்சை இருக்கிறது, கிரேட் ஈஸ்டர்ன் ஹைவேயில் கிரீன்மவுண்ட் ஏற்றம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தண்ணீர், சாமான், ஆள் எல்லாம் ஏற்றி முழு பாரத்தோடு அதில் ஏறிப் பாருங்கள். மேலே போனதும் நிறுத்தி மோப்பம் பிடியுங்கள், இனிப்பாக ஒரு வாசனை வந்தால் எங்கோ கூலண்ட் கசிகிறது. அங்கிருந்து திரும்பி வருவது அரைமணி நேர வேலை. ஹைடன் வழியாக வேவ் ராக் பார்த்துவிட்டு நேராக நார்ஸ்மன் போகலாமே என்று மேப் ஆசை காட்டும், அந்த மண் ரோடு பழைய வேனை உலுக்கி எடுத்துவிடும், கூல்கார்டி வழியாகவே போங்கள்.

நார்ஸ்மனில் டேங்க்கையும் தண்ணீர் கேன்களையும் நிரப்புங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர், இன்ஜினுக்கென்று தனியாக 10 லிட்டர், அதைத் தொடக்கூடாது. ரோடுஹவுஸ்களில் தண்ணீர் அருமை, சும்மா பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் பற்றிய பயம் மட்டும் கொஞ்சம் அதிகப்படி: நார்ஸ்மனிலிருந்து பலடோனியா சுமார் 190 கிலோமீட்டர், அங்கிருந்து கய்குனா சுமார் 180, மேற்கு, தெற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையிலிருந்து நல்லார்பர் ரோடுஹவுஸ் சுமார் 185, இதைவிடப் பெரிய இடைவெளி இல்லை. விலை அதிகம், அவ்வளவுதான். எதிர்க்காற்று அடித்தாலோ ரோடுஹவுஸ் மூடிய பிறகு போய்ச் சேர்ந்தாலோ உதவ ஒரு கேன் போதும், அதைப் படுக்கிற இடத்துக்குள் வைக்காதீர்கள்.

நார்ஸ்மனிலிருந்து போர்ட் அகஸ்டா வரை போகும் ஐயர் ஹைவே முழுக்கத் தார் ரோடு, 1976-இல் வேலை முடிந்தது. வேக வரம்பு 110, அது உங்களுக்கு இல்லை. 85 அல்லது 90-இல் போங்கள். பழைய வேனின் முகம் சுவர் மாதிரி தட்டை, நூறைத் தாண்டினால் பெட்ரோலும் சூடும் சேர்ந்து ஏறும். பலடோனியாவுக்கும் கய்குனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத ரோடு, தூக்கம் வரும், இடையில் நிறுத்தி இறங்கி நடங்கள். மெதுவாகப் போவதால் பல டிரெய்லர்களை இழுக்கும் 36 மீட்டர் நீள ரோடு டிரெயின் லாரிகள் உங்களை முந்தும், அப்போது வேகத்தைக் கூட்டாமல், ஓரமாக மண்ணில் இறங்காமல், பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் லேசாக எடுங்கள். எதிரே வருவது இன்னும் மோசம், அது கடக்கிற நொடியில் காற்று வேனின் பக்கத்தில் அறையும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோ இருந்தால் 40-ஆவது சேனலில் வைத்தால் டிரைவர்கள் பேசுவது கேட்கும், முந்த இடம் விடுகிறேன் என்று நீங்களும் சொல்லலாம். ரோட்டின் குறுக்கே பெரிய வெள்ளைக் கோடுகள் வந்தால் குழம்ப வேண்டாம், அது ஃப்ளையிங் டாக்டர் என்ற மருத்துவ சேவையின் விமானம் அவசரத்துக்கு இறங்கும் ஓடுதளம்.

பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். கங்காருவும் கரடிக்குட்டி போன்ற வாம்பாட்டும் ரோட்டுக்கு வருவது அந்த நேரத்தில்தான், நீங்கள் உட்கார்ந்திருப்பதோ முன்சக்கரத்துக்கு மேலே, உங்களுக்கும் கங்காருவுக்கும் நடுவில் தகடு ஒன்றுதான். எதிரே பாய்ந்தால் நேராகப் பிரேக் அடியுங்கள், ஸ்டியரிங்கைத் திருப்பினால் வேன் கவிழும். காலையில் கிழக்கே போகும்போது சூரியன் கண்ணுக்கு நேரே, கொஞ்சம் மேலே ஏறிய பிறகு கிளம்பினால் போதும். இப்படிக் கழித்தால் நாளுக்கு 400 முதல் 450 கிலோமீட்டர்தான் வரும், பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், லீவை அதற்கேற்ப எடுங்கள். கடிகாரமும் உங்களுக்கு எதிரி. கய்குனா முதல் யூக்லா வரை பெர்த்தைவிட முக்கால் மணி முன்னால், எல்லை தாண்டினால் இன்னும் முக்கால் மணி போகும், ரோடுஹவுஸ் அடுப்பை அணைத்த பிறகு போய் நிற்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்.

மதுராவில் ரோடு மேட்டு நிலத்திலிருந்து திடீரென்று கீழே இறங்கும், கீழே ரோ சமவெளி, யூக்லா வரை தட்டை. மதுராவில் இறங்குமுன் கியரைக் குறைத்துவிடுங்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். யூக்லாவில் அதே உயரத்தைத் திரும்ப ஏற வேண்டும், அதுவும் மத்தியானம் நெடுநேரம் ஓடிச் சூடான இன்ஜினோடு. அடிவாரத்தில் பதினைந்து நிமிஷம் நிறுத்தி ஆற விட்டு ஏறுங்கள். பாதியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும், நீங்கள் வேர்த்துப் போவீர்கள், இன்ஜின் பிழைக்கும். ஆவி கிளம்பிவிட்டால் உடனே அணைத்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

சாப்பாட்டுக்கு நம் ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டாலும் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், அப்பளம் எதுவும் கெடாது, இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று இருந்தால் கேஸும் தண்ணீரும் மிச்சம். ஆனால் செடுனாவில் தெற்கு ஆஸ்திரேலியாவின் சோதனைச் சாவடி இருக்கிறது, பழ ஈ பரவாமல் தடுக்கப் பழம் காய்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். ஒளித்து வைத்து மாட்டினால் அபராதம் உண்டு, ஒரு கைப்பிடிப் பச்சை மிளகாய்க்காக அந்த வம்பு வேண்டாம். கேஸ் அடுப்பை எரிக்கும்போது கதவு திறந்திருக்கட்டும், குளிருக்காக அதை எரிய விட்டுத் தூங்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்க ரோட்டோரமாக இலவச ஓய்விடங்கள் நிறைய உண்டு. நல்லார்பர் கடலோரத்துப் பண்டா மலைமுகட்டில் மட்டும் விளிம்புக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தாதீர்கள், அந்தச் சுண்ணாம்புப் பாறையை அடியில் கடல் குடைந்திருக்கும்.

செடுனாவுக்குப் பிறகு பாதி கவலை தீர்ந்தது, கோதுமை வயல்களும் ஊர்களும் வந்துவிடும். கிம்பாவில் நாட்டின் பாதி தூரம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் அகஸ்டாவில் ஒரு மெக்கானிக்கிடம் ஆயிலும் பிரேக்கும் பார்க்கச் சொல்லி, ரேடியேட்டரில் ஒட்டிய பூச்சிகளைத் தண்ணீர் அடித்துக் கழுவி, பிரோக்கன் ஹில், கோபார், டப்போ வழியாகப் போனால் கடைசியில் புளூ மவுண்டன்ஸ். ஏற்றத்துக்கு யூக்லாவில் செய்ததே, இறக்கத்துக்கு மதுராவில் செய்ததே. சிட்னிக்குள் நுழைந்ததும் டோல் ரோடுகளில் காசு வாங்க ஆளே இருக்க மாட்டார்கள், நெட்டில் நம்பர் பிளேட்டைப் பதிந்து பாஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹை ரூஃப் வேன் என்றால் ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்கில் நுழையுமுன் உயரப் பலகையைப் பாருங்கள், பல இடங்களில் 2.2 மீட்டருக்கு மேல் விடாது, உங்கள் சோலார் பேனலையும் சேர்த்து அளந்து டாஷ்போர்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.