புயலுக்கு முந்தின நாள் மதியம்

கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னதும் வேலூர் விருதம்பட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மெழுகுவத்தி வாங்கப் போவார்கள். 2022 டிசம்பர் 9ஆம் தேதி நானும் அப்படித்தான் போனேன். அன்று ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்து, வலுக்குறைந்து, உள்மாவட்டங்கள் வழியாக மேற்கே நகர்ந்தது. எங்கள் தெருவில் விடியற்காலை 3 மணிக்குப் போன கரண்ட் மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வந்தது. மெழுகுவத்தி ஒரு டஜன் அப்படியே மிச்சம் இருந்தது. தண்ணீர் முதல் நாள் காலை எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது.

எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற வீடுகளிலும் நடக்கக்கூடியது. மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸை நிரப்பி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். பாத்ரூம் ஃபிளஷ் தொட்டியில் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. மற்ற நாட்களில் மோட்டார் போட்டுப்போட்டு நிரப்பியதால் தெரியவில்லை. காலையில் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. வீட்டில் ஆறு பேர், அத்தைக்குச் சர்க்கரை நோய், சின்னவனுக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுப்போக்கு. அந்தக் காலையை நான் மறக்கவில்லை. அதனால் எதற்கும் முன்னால் தண்ணீரைப் பாருங்கள். கரண்ட் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கலாம், தண்ணீர் இல்லாமல் ஒரு வேளை கூட ஓட்ட முடியாது.

வேலூரில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை. போர்வெல் தண்ணீருக்கு நம் வீட்டு மோட்டார் ஓட வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் மேட்டூர் பக்கத்திலிருந்து பல நீரேற்று நிலையங்கள் தாண்டி வருகிறது. வழியில் ஏதாவது ஓர் இடத்தில் கரண்ட் நின்றாலும் நம் தெருக் குழாய் வறண்டுவிடும். பாலாற்றுக் கிணறுகளிலிருந்து ஏற்றுவதும் மோட்டாரில்தான். நம் தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் வராமல் போவது இதனால்தான். எங்கள் வீட்டில் இப்போது 3 நாளைக்குக் கணக்குப் போட்டுத்தான் பிடித்து வைக்கிறோம்.

குடிக்கவும் சமைக்கவும் ஆறு பேருக்கு நாளைக்கு 30 லிட்டர் ஆகிறது. 3 நாளைக்கு 90 லிட்டர். நாலு எவர்சில்வர் குடம், மூடி போட்ட அண்டா ஒன்று, இரண்டு கேன் தண்ணீர். ஆர்ஓ மெஷின் கரண்ட் இல்லாவிட்டால் ஓடாது, கேன் வண்டியும் மழையில் வராது, அதனால் முந்தின நாளே மெஷினில் பிடித்துக் குடத்தை நிரப்பிவிடுவேன். கழிப்பறைக்கு 200 லிட்டர் நீல டிரம் ஒன்றைப் பின்கட்டில் வைத்திருக்கிறோம். ஃபிளஷ் அழுத்தாமல் அரை வாளி கையால் ஊற்றினால் போதும். பாத்திரம் அலசிய தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் அதே வேலைக்குத்தான் போகும். டிரம்மின் வாயைப் பழைய வேட்டித்துணி போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். திறந்து வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு அதில் குஞ்சு பொரித்துவிடும்.

அப்புறம் மாடித் தொட்டி. தொட்டி நிரம்பியதும் கீழே இறங்கும் குழாயில் உள்ள கேட்வால்வை மூடிவிடுங்கள். தேவைப்படும்போது மட்டும் பத்து நிமிடம் திறந்து, வாளிகளில் பிடித்துக்கொண்டு மறுபடி மூடுங்கள். என் 1,000 லிட்டரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்த ஒரு வால்வுதான். எங்கள் வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லை. ஐப்பசி மாதமே ஒரு தடவை திருகிப் பாருங்கள், இறுகியிருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். மழை நாளில் யாரும் வரமாட்டார்கள்.

கீழே சம்ப் (தரைக்கடித் தொட்டி) இருக்கிறவர்கள் மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் போட்டுச் செங்கல் வையுங்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் சாக்கடையும் சேர்ந்துதான் உள்ளே இறங்கும். கரண்ட் இல்லாதபோது அதிலிருந்து தண்ணீர் எடுக்கக் கயிறு கட்டிய வாளி ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். பிள்ளைகளை அந்த மூடிப் பக்கம் விடாதீர்கள்.

இரண்டாம் நாள் மழை விடாமல் கொட்டியது. நான் அடிபம்புக்குப் போகக் குடத்தை எடுத்தேன். மாமா திண்ணையிலிருந்து, “ஏம்மா, வானத்துல இருந்து கொட்டுற தண்ணிய விட்டுட்டு அடிபம்புக்கு எதுக்குப் போற?” என்றார். துவைத்த நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்து, பின்கட்டுத் துணிக்கொடியிலும் ஜன்னல் கம்பியிலுமாக நாலு முனையையும் கட்டினார். கழுவிய குழவிக்கல்லை நடுவில் வைத்தார். துணி குழிந்தது. குழிந்த இடத்துக்கு நேர் கீழே அண்டா. முதல் கால் மணி நேரத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகுதான் பிடிக்கச் சொன்னார். கல்லின் அடியிலிருந்து சுட்டுவிரல் கனத்துக்கு ஒரே தாரையாக விழுந்தது, கண்ணாடி மாதிரி. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். நாலு முழ வேட்டி ஏறக்குறைய 2 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 100 லிட்டர், பாதி சிதறிப் போனாலும் 50 லிட்டர். மொட்டைமாடித் தண்ணீரைவிட இது சுத்தம், மாடியில் பறவை எச்சமும் பாசியும் கிடக்கும். இருந்தாலும் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அரை மணி நேரம் எரித்து கேஸைத் தீர்க்க வேண்டாம். கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய விட்டு, நாலாக மடித்த துணியில் வடிகட்டிவிட்டுக் கொதிக்க வையுங்கள்.

சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு என்றேனே, அதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பவுடர் இரண்டு பாக்கெட் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தவறக் கூடாது, முக்கியமாக உப்பு. குழந்தை சோர்ந்து கண் உள்ளே போனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

அத்தையின் இன்சுலினுக்காகத்தான் நான் அதிகம் பயந்தேன். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதே என்று ஐஸ் கட்டிக்கு அலைய வேண்டியதில்லை. ஐஸில் நேராக வைத்து உறைந்துவிட்டாலும் மருந்து கெடும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் ஏறக்குறைய 4 வாரம் வெளியிலேயே தாங்கும், உங்கள் மருந்தின் அட்டையில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். கார்த்திகை மார்கழியில் நம் ஊர் வீட்டுக்குள் அந்தச் சூடு வராது. திறக்காத பாட்டில்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் இறக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்தேன். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும், ஃபிரீசர் நிறைந்திருந்தால் 2 நாள் வரை. அதனால் பால், தயிர், மாவு மூன்றையும் கரண்ட் போனதும் ஒரே தடவையில் வெளியே எடுத்துவிட்டு மூடிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிதாகத் திட்டம் வேண்டாம். முதல் நாள் இருக்கிற மாவை ஊத்தப்பமாகவும் பணியாரமாகவும் தீர்த்துவிடலாம். மறுநாளிலிருந்து அரைக்காத சமையல்: கேழ்வரகுக் களி, மத்தில் கடைந்த கீரை, வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலையை) அம்மியில் நசுக்கிய துவையல், கருவாட்டுக் குழம்பு. கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும். சிலிண்டர் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் முந்தின நாளே மாற்றுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பையோ வரட்டியையோ மூடிய அறைக்குள் மூட்டாதீர்கள், அந்தப் புகையில் தூங்கினவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். வாடகை ஜெனரேட்டருக்கும் இதுவே. அதைத் தெருவில்தான் ஓட விட வேண்டும், வீட்டு பிளக்கில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கக் கூடாது. அது லைனில் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிரை எடுத்துவிடும்.

இன்வெர்டர் பற்றி. எங்களிடம் இருப்பது 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி. ஏட்டுக்கணக்கில் 1,800 வாட் மணி, நம்பி எடுக்கக்கூடியது 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட், 9 வாட் பல்பு இரண்டு, மோடம் எல்லாம் சேர்ந்து நூறைத் தொடும். பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டினால் ஒரு நாளுக்கு மேல் ஓடும். தண்ணீருக்கு ஆசைப்பட்டு மோட்டாரை இதில் போட்டுப் பார்க்காதீர்கள். 1 எச்பி மோட்டார் ஓடவே 750 வாட், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். பேட்டரியின் டிஸ்டில்டு வாட்டர் அளவை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை திறந்தால் போதும். டவரே சில மணி நேரத்தில் படுத்துவிடும், சிக்னல் தேடித்தேடித்தான் பேட்டரி காலியாகிறது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077. இரண்டையும் காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். புகார் சொல்லும்போது மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கம்பி அறுந்து கிடந்தால் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தாண்டாதீர்கள், தேங்கிய தண்ணீரில் கிடந்தால் அந்தத் தெருவுக்கே போகாதீர்கள். ஊறிய மண்சுவர், பழைய காம்பவுண்டுச் சுவர் பக்கத்தில் யாரும் படுக்க வேண்டாம். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து விழுந்து குழந்தைகளும் சேர்த்து 9 பேர் போனார்கள். அதற்குப் பிறகு மழை ராத்திரிகளில் எங்கள் பிள்ளைகளை மேற்குச் சுவரோரம் படுக்க விடுவதில்லை.

கரண்ட் வரும் நேரத்துக்கும் ஒரு முறை உண்டு. போனவுடனேயே ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார், கிரைண்டர் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, ஹாலில் ஒரு ஃபேனை மட்டும் போட்டு வையுங்கள். புயலுக்குப் பிறகு லைன் கம்பி மாறியோ, நியூட்ரல் கம்பி விட்டுப்போயோ வோல்டேஜ் தாறுமாறாக வரும். எல்ஈடி பல்பு வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் ஒரே மாதிரிதான் எரியும், ஃபேன் காட்டிக்கொடுக்கும். வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றால் உடனே மெயினை அணையுங்கள். சுவிட்ச்போர்டில் ஈரம் இருந்தால் மெயினைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் ஒரே சீராக ஓடினால் முதலில் மோட்டார், தொட்டி நிரம்பிய பிறகு ஃபிரிட்ஜ். ஏனென்றால் வந்த கரண்ட் அரை மணியில் மறுபடி போகும், எங்களுக்கு அன்று மூன்று தடவை போனது.

சம்புக்குள் தெருத்தண்ணீர் இறங்கியிருந்தால் அதை முழுக்க இறைத்துக் கழுவிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், சுமார் அரை டீஸ்பூன். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் தெருக்குழாய் உறுமிக்கொண்டு செம்மண் நிறத்தில் துப்பியது. முதல் எட்டு வாளியைச் செம்பருத்திக்கும் முருங்கைக்கும் ஊற்றினேன். ஒன்பதாவது வாளியில் அடி தெரிந்தது. குடத்தை வைத்துவிட்டு, வாஷர் வாங்க வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினேன்.