வேலூர் வெயிலும் இன்ஜின் ஆயிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்துவிட்டால் வேலூரில் "வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்ற பேச்சும் வந்துவிடும். 20டபிள்யூ-40 கிரேடு ஆயில் கேட்கிற வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றிவிடுவார்கள். ரோட்டில் 30 டிகிரியோ 42 டிகிரியோ, ரேடியேட்டர் வைத்த இன்ஜின் சூடேறி ஓடும்போது ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள்தான் இருக்கும். தேவைக்கு மேல் கெட்டியானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் இன்ஜினின் மேல்பகுதிக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். கம்பெனி புத்தகத்தில் போட்ட கிரேடே போதும்.

சூடான ஆயிலை விரலில் தொட்டு "தண்ணியா போச்சு, மாத்திடு" என்பது இன்னொரு தவறு. 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 100 டிகிரியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். புது ஆயிலும் அப்படித்தான்.

பலரும் கவனிக்காதது பேரல் விஷயம். ஆயில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம் விரியும். 210 லிட்டர் பேரலில், மத்தியானத்துக்கும் விடியலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 3 லிட்டர் ஏற்ற இறக்கம். பகலில் உள்ளிருக்கும் காற்று மூடி இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்றை இழுக்கும். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்திருந்தால், சாயங்காலம் பெய்த கோடை மழை பேரல் விளிம்புக்குள் மூடியைச் சுற்றித் தேங்கி நிற்கும். இழுக்கும்போது அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் போகும். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். ஆயில் வெளுத்துக் கலங்கித் தெரிந்தால் அதை இன்ஜினில் ஊற்றவே கூடாது. பேரலை ஷெட்டுக்குள் வையுங்கள். இடமில்லையா, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் வரும்படி படுக்கப் போடுங்கள். ஆயில் மூடிகளை உள்ளிருந்து மூடியிருந்தால் காற்று புகாது.

அளவு பார்ப்பதிலும் அவசரம்தான். வண்டியை நிறுத்திய கையோடு கேஜை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, உருவினால் கொஞ்சம் ஆயில் இன்னும் மேலேயே இருக்கும், குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சி, நுரைக்கும். சமதரையில் ஐந்து, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் ஆறிய பிறகுதான் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அதன்படியே செய்யுங்கள்.

பழைய ஆயிலை இறக்குவது வெதுவெதுப்பாக இருக்கும்போது. கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கைதான் வேகும்.

அப்புறம், மார்கழி விடியலில் ஜவ்வாது மலைப் பக்கம் டிராக்டர் ஹைட்ராலிக் மந்தமாக இருக்கிறதென்று ஆயில் கேனை அடுப்பில் வைப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். லோடு இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டால் தானாக இளகிவிடும்.