அட்டாமிக் போட்டால் கம்பைலர் என்ன செய்கிறது? அசெம்பிளியில் பாருங்கள்

சி++ல் இரண்டு த்ரெட்கள் (ஒரே புரோகிராமில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பகிரும் ஃப்ளாகுக்கு அட்டாமிக் (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடுவதற்கான மாறி வகை) தேவையா, வெறும் பூல் போதாதா என்று சந்தேகம் வந்தால் வாதம் வேண்டாம், எழுதும் கோடு என்ன அசெம்பிளியாகிறது என்று காட்டும் கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தைத் திறந்து, ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டு, வரும் அசெம்பிளியைப் படியுங்கள்.

முதலில் ஒரு சாதாரண குளோபல் பூல், அது ட்ரூ ஆகும்வரை சும்மா சுற்றும் ஒரு வைல் லூப், அவ்வளவுதான். லூப்புக்குள் அந்த மதிப்பை மாற்ற யாருமே இல்லை என்று கம்பைலர் நினைத்துக்கொள்ளும், அதனால் ஒரே ஒருமுறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றும்படி எழுதும், இல்லையென்றால் லூப்பையே தூக்கிவிடும். இரண்டுக்குமே விதியில் இடம் உண்டு. இப்போது அதை அட்டாமிக் ஆக்கி ரிலாக்ஸ்ட் லோடு (வரிசை பற்றி எந்த உத்தரவாதமும் கேட்காத படிப்பு) போடுங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் மெமரியைப் படிக்கும். வாலடைல் (படிப்பைத் தவிர்க்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) போட்டாலும் ஏறக்குறைய இதே அசெம்பிளிதான் வரும், ஏமாந்துவிடாதீர்கள், டேட்டா ரேஸ் (ஒரு த்ரெட் எழுதும் இடத்தை இன்னொன்று ஒருங்கிணைப்பின்றித் தொடும் தவறு) அப்படியே இருக்கும்.

அப்புறம் ஆர்டரிங், அதாவது மெமரியைப் படிப்பதும் எழுதுவதும் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பது. அக்வயர் லோடு தனக்குப் பின்னால் உள்ளவற்றை முன்னால் போகவிடாது, ரிலீஸ் ஸ்டோர் தனக்கு முன்னால் உள்ளவற்றைப் பின்னால் போகவிடாது. எக்ஸ்86ல் (இன்டெல், ஏஎம்டி சிப் வகை) ரிலாக்ஸ்ட் லோடு, அக்வயர் லோடு, ரிலீஸ் ஸ்டோர் எல்லாமே மதிப்பை நகலெடுக்கும் சாதாரண மூவ் கட்டளைதான். ஆர்டரிங் எதுவும் குறிப்பிடாமல் எழுதும் (அப்போது மிகக் கடுமையான வரிசைதான் பொருந்தும்) ஸ்டோருக்கு மட்டும் எக்ஸ்சேஞ்ச் கட்டளையோ, மூவோடு சேர்ந்து ஒரு ஃபென்ஸோ (வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) வரும், ஏனென்றால் ஒரு ஸ்டோரை அடுத்த லோடு முந்துவது ஒன்றைத்தான் அந்தச் சிப் அனுமதிக்கிறது. "எல்லாம் மூவ்தானே, அட்டாமிக் எதற்கு?" என்று பலர் கேட்பது இதைப் பார்த்துத்தான். ஆனால் அக்வயருக்குப் பின்னால் உள்ள படிப்புகளை அதற்கு முன்னால் நகர்த்தக்கூடாது என்ற கட்டுப்பாடு கம்பைலருக்கும் உண்டு, அது எந்தக் கட்டளையாகவும் கண்ணுக்குத் தெரியாது.

டார்கெட்டை ஆர்ம்64க்கு (ஃபோன்களில் உள்ள சிப் வகை) மாற்றினால் வித்தியாசம் நேரே தெரியும். ரிலாக்ஸ்டுக்கு சாதாரண லோடு, ஸ்டோர் கட்டளைகளான எல்டிஆர், எஸ்டிஆர். அக்வயருக்கு எல்டிஏஆர், ரிலீஸுக்கு எஸ்டிஎல்ஆர். அக்வயர் வேண்டிய இடத்தில் ரிலாக்ஸ்ட் போட்ட கோடு இன்டெல் லேப்டாப்பில் பல மாதம் ஓடிவிட்டு ஃபோனில் சொதப்புவது இதனால்தான்.

கடைசியாக ஒரு அட்டாமிக் கவுன்டர் வைத்து, அதை ஒருமுறை ++ என்றும், இன்னொருமுறை எக்ஸ் = எக்ஸ் + 1 என்றும் எழுதிப் பாருங்கள். எக்ஸ்86ல் முதலாவதில், நடுவில் யாரையும் நுழையவிடாத லாக் முன்னொட்டோடு ஒரே கட்டளை. இரண்டாவதில் ஒரு லோடு, ஒரு ஸ்டோர், தனித்தனியாக. நடுவில் இன்னொரு த்ரெட் நுழைந்து கூட்டினால் அந்தக் கூட்டல் போயே போச்சு, கம்பைலர் ஒரு வார்னிங்கூடத் தராது.