ஆறு ஓடுற குகைக்குள்ள போறெண்டா தண்ணி விளிம்புல ஒரு கல்லு வைங்க

குகைக்குள்ள எங்க நிண்டாலும் முதல் வேலையா தண்ணி தொடுற விளிம்புல ஒரு சின்னக் கல்லு வைச்சு போன்ல ஒரு படம் எடுங்க, கொஞ்ச நேரத்தால திரும்பிப் பாருங்க, தண்ணி கல்லைத் தாண்டிட்டுதெண்டா, இல்லாட்டி தெளிஞ்ச தண்ணி கலங்கி சருகு குச்சி மிதந்து வருதெண்டா ஒண்டும் யோசிக்காம வெளிய வாங்க.

இந்தக் குகையெல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லு. நம்மட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மணல்ல மாதிரி மழைத்தண்ணி மெதுவா ஊறாது, வெடிப்பு குழி வழிய நேரா உள்ள இறங்கும், பரவ இடமில்லாததால ஒடுங்கின இடத்துல மளமளெண்டு ஏறும். வாசல்ல வெயில் அடிக்கும், மேல மலையில மழை பெய்யும். தாய்லாந்து தாம் லுவாங் குகையில 2018 ஜூன்ல 12 பொடியன்களும் கோச்சும் மாட்டினதும் மழைத்தண்ணி வழிய மறிச்சுத்தான்.

மட்டக்களப்பு, அம்பாறையில இருந்து இரத்தினபுரிப் பக்கம் வவுல்பனை குகைக்குப் போறாக்கள் நம்மட ஊர் வானத்தைப் பாத்து வெளிக்கிடாதீங்க. இங்க மே, ஜூன்ல காஞ்சு கிடக்கும், அங்கால தென்மேற்குப் பருவமழை. இரத்தினபுரி மழை நிலவரத்தைப் பாத்துட்டு வேன் பிடிச்சா வாடகைக் காசாவது மிஞ்சும்.

திரும்புற வழியில கூரை தண்ணியைத் தொடுற மாதிரித் தாழ்ந்து கிடந்தா கல்லை நம்பேலா, கல்லு நனையிறதுக்குள்ள வழி அடைபட்டிரும், அங்கால போகாமலே விடுங்க. நம்மட ஊர்ப்பக்கம் இருக்கிற இராஜகல, குடும்பிமலைப் பாறைக் குகைகளுக்கு இது தேவையே இல்ல, உள்ள ஆறு ஓடுறேல்ல (குளவியைப் பாத்துக்கொண்டாக் காணும்).